கொழும்புத் தமிழ் யூனியன்: ஒரு சமூகத்தின் விளையாட்டுக் கழகம்

தமிழ் யூனியன் கிரிக்கெட் மற்றும் தடகளக் கழகம் இலங்கைத் தலைநகர் கொழும்பில் 1899ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அரசுப் பணி, வழக்கறிஞர் தொழில், மருத்துவம், வணிகம் எனப் பல காரணங்களுக்காக யாழ்ப்பாணம் முதலிய பகுதிகளிலிருந்து கொழும்புக்கு வந்து தங்கிய தமிழர்கள் ஒன்றுகூடி விளையாடுவதற்கு ஏற்பட்ட கழகம் இது. இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டி நடந்த மைதானம் இக்கழகத்திற்கு உரியது என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது.

அக்காலக் கொழும்பில் விளையாட்டுக் கழகங்கள் இனவாரியாகவே அமைந்தன. 1863இல் தொடங்கிய கொழும்பு கிரிக்கெட் கிளப் ஐரோப்பியருக்கானது. பின்னர் மலாயர், பறங்கியர், சோனகர் எனத் தனித்தனிக் கழகங்கள் எழுந்தன. சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியதும் இதே 1899இல்தான். பம்பாயிலும் இந்து, பார்சி, முஸ்லிம், ஐரோப்பியர் என மதவாரியாக அணிகள் பிரிந்து ஆடின. காந்தியடிகள் உள்ளிட்டோரின் எதிர்ப்புக்குப் பிறகு 1946இல் அப்போட்டிகள் நின்றுபோயின. கொழும்பிலோ கழகங்கள் பெயர் மாறாமல் இன்றும் இருக்கின்றன.

இங்கே அயர்லாந்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கு 1884இல் தர்லஸ் நகரில் தோன்றிய கேலிக் தடகளச் சங்கம், கேலிக் கால்பந்து, ஹர்லிங் ஆகிய தம் நாட்டு ஆட்டங்களைக் காக்கவே பிறந்தது. கிரிக்கெட், ரக்பி போன்ற ஆங்கிலேய ஆட்டங்களில் ஈடுபடும் உறுப்பினரை விலக்கும் விதியை 1971 வரை அது கைவிடவில்லை. கடல் கடந்து சென்ற அயர்லாந்துக்காரர்கள் நியூயார்க்கிலும் இந்த ஆட்டங்களையே ஆடினர். கொழும்புத் தமிழர் எடுத்த வழி நேர்மாறானது. அவர்கள் ஆங்கிலேயரின் ஆட்டத்தையே கற்று, அதில் தம் பெயரைப் பொறித்தனர். சடுகுடுவுக்கு ஒரு கழகம் தோன்றவில்லையே என்று எனக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு.

கேம்பல் பூங்காவில் ஆடிவந்த கழகம் பின்னர் பொறளைக்கு அருகே வனாத்தமுல்லையில் ‘ஓவல்’ என்னும் மைதானத்தை அமைத்துக்கொண்டது. இதற்கு முன்னின்றவர் பாக்கியசோதி சரவணமுத்து. அரசு உயர் அதிகாரியான இவர் இலங்கைக் கிரிக்கெட் வாரியத்தின் முதல் தலைவர். இவருடைய சகோதரர் இரத்தினசோதி கொழும்பு மாநகரின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர். மைதானம் இன்று பி. சரவணமுத்து அரங்கம் என்றே வழங்குகிறது.

1948 மார்ச்சில் பிராட்மன் தலைமையிலான ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் இங்கு ஒருநாள் ஆடியது. ஆடுகளம் 22 கெஜத்துக்குப் பதிலாக 20 கெஜமே இருந்ததாம்! பிராட்மன் எடுத்த ஓட்டங்களும் 20. எதிரணித் தலைவர் மகாதேவன் சதாசிவம், தமிழ் யூனியனின் புகழ்பெற்ற மட்டையாளர். அதற்கு முந்தைய ஆண்டு அவர் நம் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்திருந்தார். பின்னாளில் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார்.

பிராட்மன் வந்துபோன அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவராயினர். இவர்களில் பலருடைய முன்னோர் சேலம், திருச்சி வட்டாரங்களிலிருந்து சென்றவர்கள். கழகத்தின் பெயரில் ‘தமிழ்’ இருந்தாலும் ஓவலின் பார்வையாளர் மாடத்துக்கும் தோட்ட லயத்துக்கும் இடையே இருந்த தூரம் மிகப் பெரிது. கழக வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை.

1982 பிப்ரவரி 17ஆம் நாள் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை இம்மைதானத்தில் இங்கிலாந்துடன் தொடங்கியது. பதினேழு மாதங்களில், 1983 ஜூலை 24 இரவு, அதே பொறளைப் பகுதியின் மயானத்தருகே கூடிய கூட்டத்திலிருந்துதான் தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலை வன்முறை மூண்டது. கொழும்புத் தமிழர் வீடும் கடையும் இழந்து கப்பலேறினர். 1985 செப்டம்பரில் இதே மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டங்களில் வென்று இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. தமிழர் கட்டிய மைதானத்தில் நாடே கொண்டாடிய அந்த நாளில், தமிழர் பலர் அகதிகளாய்த் தமிழ்நாட்டில் இருந்தனர். எங்கள் தருமபுரி மாவட்டத்திலும் முகாம்கள் அமைந்தன. அங்கிருந்து பள்ளிக்கு வந்த பிள்ளைகள் கிரிக்கெட்டைத் ‘துடுப்பாட்டம்’ என்பார்கள். அந்தச் சொல்லை நான் அவர்களிடம்தான் கற்றேன்.

1990களில் இக்கழகத்திற்கு ஆட வந்தவர் கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன். அவருடைய தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்றவர். 1977 கலவரத்தில் அவர்கள் குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை தாக்கப்பட்டது. டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் வீழ்த்தி 2010இல் ஓய்வு பெற்ற அவர்தான் தமிழ் யூனியன் கண்ட வீரர்களில் தலையாயவர். அவரை அடுத்து இலங்கையின் சுழற்பந்துச் சுமையைத் தாங்கி 433 விக்கெட்டுகள் எடுத்த ரங்கன ஹேரத் சிங்களவர். அவரும் இந்தத் தமிழ் யூனியனுக்கு ஆடியவர்தான்.