அடுத்த வீட்டு ஜன்னலில் வானிலைப் படம்

(வானொலி வேளாண் உரை)



திண்டுக்கல் வட்டாரத்திலே மழைப் பேச்சு வந்தால் பெரியவர்கள் முதலில் சிறுமலைப் பக்கம்தான் பார்ப்பார்கள். இளவட்டங்கள் செல்போனைப் பார்க்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தை யார் வரைந்தார்கள், எப்போது வரைந்தார்கள், எந்த இடத்துக்கு வரைந்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

ஐப்பசி மாதம் ஒரு நாள். வேடசந்தூர் பக்கம் ஒரு விவசாயி சின்ன வெங்காயத்தைப் பறித்து வயலிலேயே காயப் போட்டிருந்தார். "பட்டறையிலே ஏத்திடலாமே" என்றேன். "மழை இல்லேன்னு செல்லுல படம் வந்திருக்குங்க சார்" என்றார். அன்று ராத்திரியே மழை கொட்டியது. வெங்காயம் அழுகிப் போயிற்று. மறுநாள் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தேன். யாரோ யாருக்கோ அனுப்பி, கை மாறி வந்த படம். அதிலிருந்தது மூன்று நாளைக்கு முந்தின தேதி. "படம் பொய் சொல்லிடுச்சு சார்" என்றார் அவர். படம் பொய் சொல்லவில்லை. அது சொன்ன நாள் வேறு, இவர் நம்பின நாள் வேறு.

வானிலைப் படம் தன் சொந்த வீட்டை விட்டு அடுத்தவர் வீட்டிலே குடியேறின கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். வீடு மாறும்போதெல்லாம் வாசற்படியிலே ஏதோ ஒன்று தவறி விழுந்திருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொண்டால் நம்ம வெங்காயம் தப்பும்.

முதல் குடியேற்றம் 1875-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி. லண்டன் 'டைம்ஸ்' செய்தித்தாளிலே பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் தயாரித்த வானிலைப் படம் அச்சாகி வந்தது. வானிலைக்காரர்களின் மேஜையில் இருந்த படம் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது மார்ச் 31-ஆம் தேதி வானிலை. அதாவது நேற்றைய படம். அச்சுக்கட்டை செதுக்கி, அடித்து, வீடு வந்து சேர ஒரு நாள் ஆகும் அல்லவா? படம் வேறு வீட்டுக்குப் போனால் காலம் தவறும் என்ற பாடம் முதல் நாளே கிடைத்துவிட்டது.

அதே 1875-இல்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் பிறந்தது. அதன் முதல் தலைவர் பிளான்போர்டு. அடுத்த வருஷமே தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை மழை பொய்த்து லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தார்கள். மழையை முன்கூட்டி அறிய வழி உண்டா என்ற கேள்வி அரசாங்கத்தை உலுக்கியது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கவேண்டும் என்ற எண்ணமும் அப்போது வலுத்தது. நம்ம மாவட்டத்து மலையிலே, கொடைக்கானலில், 1899-இல் வானாய்வுக்கூடம் ஏற்பட்டதற்கு அந்தப் பஞ்சமும் ஒரு காரணம். ஆக வானிலைக் கணக்கு நமக்கு அந்நியமான சரக்கு இல்லை. நம்ம முன்னோர் பசியிலே முளைத்தது அது.

இரண்டாவது குடியேற்றம் வானொலி. வேளாண்மைக்கு என்று வானிலைப் பிரிவு புனாவில் 1932-இல் அமைந்தது. 1945-இல் விவசாயிகளுக்கான வானிலை அறிக்கை அகில இந்திய வானொலியில் வரத் தொடங்கியது. வானொலிக்கு நம்ம ஜனங்களிடம் எவ்வளவு மதிப்பு தெரியுமா? 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

ஆனால் வானொலியிலே படம் காட்ட முடியாது. படத்தைச் சொல்லாக மாற்றவேண்டும். அங்கேதான் சில சொற்கள் பிறந்தன. 'ஓரிரு இடங்களில் மழை' என்று சொன்னால், அந்த வட்டாரத்து மழைமானிகளில் நூற்றுக்கு 25 வரையில்தான் மழை பதிவாகும் என்று அர்த்தம். 'சில இடங்களில்' என்றால் 26 முதல் 50. 'பல இடங்களில்' என்றால் 51 முதல் 75. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேல். 'ஓரிரு இடங்களில்' என்று சொன்ன அன்றைக்கு நத்தத்தில் கொட்டி, நிலக்கோட்டையில் தூறல்கூட விழாவிட்டால் அறிக்கை தப்பில்லை. அது சொன்னபடியேதான் நடந்திருக்கிறது.

மூன்றாவது குடியேற்றம் தொலைக்காட்சி. 1983 ஆகஸ்டில் இன்சாட் 1பி செயற்கைக்கோள் மேலே போனது. பிறகு செய்தியின் கடைசியில் மேகப் படத்தையே பார்க்க முடிந்தது. வெள்ளையாக மேகத்தைக் கண்டதும் மழை என்று நினைத்துக்கொண்டோம். உயரத்தில் மிதக்கிற மெல்லிய மேகமும் படத்திலே வெள்ளைதான். அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழாது.

நான்காவது குடியேற்றம்தான் இன்றைய செல்போன் செயலி. தமிழ்நாடு அரசின் 'உழவன்' செயலி 2018 ஏப்ரலில் வந்தது. மானியம், பயிர்க் காப்பீடு, உரம், விதை இருப்பு, சந்தை விலை இவற்றோடு வானிலைக்கும் அதிலே ஓர் இடம் கொடுத்தார்கள். உர இருப்பு பார்க்கப் போனவர் மழையையும் பார்த்துவிட்டு வரலாம். 2019 ஆகஸ்டில் மத்திய அரசு 'மேகதூத்' செயலியைக் கொண்டுவந்தது.

ஒரு செயலிக்குள் இன்னொருவருடைய வானிலைப் படம் எப்படி வருகிறது? இரண்டு வழி உண்டு. சுவரிலே போட்டோ மாட்டுவது ஒரு வழி. சுவரை உடைத்து ஜன்னல் வைப்பது இன்னொரு வழி. போட்டோ மாட்டின நாளில் இருந்தபடியே இருக்கும். ஜன்னல் வழியாகத் தெரிவது இப்போதைய வானம். செக் நாட்டில் 2014-இல் தொடங்கிய 'விண்டி' போன்றவர்கள் இந்த ஜன்னலை மற்றவர்களுக்குத் தருகிறார்கள். அவர்கள் தரும் சில வரிக் குறிப்பை நம்ம பக்கத்திலே சேர்த்தால் போதும். படம் அவர்கள் கணிப்பொறியிலிருந்து வரும். காற்று ஓடும், மழை நிறம் மாறும். வேடசந்தூர்க்காரர் பார்த்தது ஜன்னல் இல்லை, பழைய போட்டோ. சிக்னல் கிடைக்காத காட்டிலே ஜன்னலும் சில சமயம் போட்டோவாகிவிடும். முன்பு வாங்கி வைத்த படத்தையே காட்டிக்கொண்டு நிற்கும்.

ஜன்னலிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஐரோப்பிய வானிலை மையம் 2016 முதல் உலகத்தைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஒரு கட்டம் என்பது ஏறக்குறைய 20,000 ஏக்கர். அத்தனை நிலத்துக்கும் ஒரே மழைக் கணக்கு. சிறுமலைச் சரிவும் அடிவாரத்துக் காடும் ஒரே கட்டத்துக்குள் விழலாம். கட்டம் தெரியாதபடி வண்ணத்தை இழைத்துத் தீட்டுவதால் நம்ம கிணற்றடி வரைக்கும் அதற்குத் தெரியும் என்று தோன்றுகிறது. தெரியாதுங்க.

ஆகவே, படத்தைக் கண்டதும் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது வரைந்தது? தேதியும் நேரமும் இல்லாத படத்தை நம்பி அறுவடையை முடிவு செய்ய வேண்டாம். நேரத்துக்குப் பக்கத்தில் 'யூ.டி.சி.' என்று இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 12 என்றால் நமக்கு மாலை 5.30. யார் வரைந்தது? பெயர் இல்லாத படம் முகவரி இல்லாத கடிதம். எந்த இடத்துக்கு? மாவட்டம் முழுவதற்குமா, கட்டத்துக்கா என்று பாருங்கள். மழை அளவு பார்க்கிறவர்கள் இன்னொன்றும் நினைவில் வையுங்கள். வானிலைத் துறை கணக்கிலே ஒரு நாள் என்பது முதல் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை.

மருந்து அடிப்பதா, வெங்காயம் பறிப்பதா என்ற யோசனைக்குச் செவ்வாயும் வெள்ளியும் வருகிற மாவட்ட வேளாண் வானிலை அறிக்கையைச் சேர்த்துப் பாருங்கள். அதிலே வானிலையோடு பயிருக்கான யோசனையும் இருக்கும். அப்புறம் வாசலுக்கு வந்து சிறுமலையையும் ஒரு தடவை பாருங்கள். அந்த ஜன்னலுக்குச் சிக்னல் வேண்டியதில்லை.