எல்சாஸ்: பெயர் யாருடையது, மண் யாருடையது?

பள்ளிக்கூட நாட்களில் எல்சாஸ் ஓரிடம், அல்சாஸ் வேறோரிடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஜேர்மன் தேசப்படம் ஒன்றைப் பார்த்த பிறகே, "அட, ரெண்டும் ஒண்டுதானே!" என்று விளங்கியது. ரைன் நதிக்கும் வோஜ் மலைகளுக்கும் இடைப்பட்ட அந்த எல்லை நிலத்தை ஜேர்மனியர் எல்சாஸ் என்பர். பிரெஞ்சுக்காரர் அல்சாஸ் என்பர்.

சிக்கல் என்னவென்றால், அம்மக்களின் வீட்டுமொழி ஜேர்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜேர்மன் பெயர்தான் அவர்கள் நாவுக்கு நெருக்கம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் அந்நிலத்தைப் படிப்படியாகத் தனதாக்கியது. 1681இல் ஸ்ட்ராஸ்பேர்க் நகரும் அதன் கைக்குப் போனது. வீட்டுப் பேச்சு மட்டும் மாறவில்லை.

1870இல் போர் மூண்டபோது, ஜேர்மன் வரலாற்றறிஞர் தியோடர் மொம்சன் மொழியைக் காட்டி, அது ஜேர்மன் மண் என்று வாதாடினார். ஸ்ட்ராஸ்பேர்க்கில் பேராசிரியராயிருந்த ஃபுஸ்தெல் த கூலாஞ்ச் மறுப்பெழுதினார். இனமோ மொழியோ தேசத்தைத் தீர்மானிப்பதில்லை, மக்களின் விருப்பமே தீர்மானிக்கும் என்பது அவர் பக்கம்.

வாதம் எப்படிப் போனாலென்ன, போரில் வென்றது ஜேர்மனி. 1871இல் எல்சாஸ் அதனோடு இணைக்கப்பட்டது. மக்கள் பிரதிநிதிகள் பிரெஞ்சுச் சபையில் எழுந்து எதிர்த்தார்கள், பலனில்லை. 1918இல் பிரான்ஸ் திரும்பி வந்தது. அதுவும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. பெற்றோரின் பூர்வீகம் பார்த்து ஏ, பி, சி, டி என்று அடையாள அட்டை கொடுத்தது. 1940இல் நாஜிகள் வந்து பிரெஞ்சு மொழியைத் தடைசெய்தார்கள், ஆட்களின் பெயர்களைக்கூட ஜேர்மன் பெயர்களாக மாற்றினார்கள். எல்சாஸிலும் அயலிலுள்ள மோசெல் பகுதியிலுமாகச் சுமார் 130,000 பேரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். பல்லாயிரம் பேர் வீடு திரும்பவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. 1869இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் பிறந்து 1945 வரை வாழ்ந்த ஒருவர், பிறந்த வீட்டை விட்டு அசையாமலே நாலு தரம் நாடு மாறியிருப்பார். ஒரு தரமாவது அவரிடம் யாரும் கேட்கவில்லை.

1945க்குப் பிறகு பள்ளிகளில் பிரெஞ்சுக்கே இடம், வீட்டுமொழி ஒதுக்கப்பட்டது. மொழியை வைத்து மக்களை அளக்காதே என்று அன்று ஜேர்மனிக்குச் சொன்ன நாடு, பிறகு அதே மொழியைச் சந்தேகத்தோடு பார்த்தது. இன்று அந்தப் பேச்சு பெரும்பாலும் முதியவர்களோடு நிற்கிறது.

ஒருவர் பேசும் மொழியைக் கொண்டு அவர் யாரென்று வெளியார் தீர்ப்புச் சொல்லும் இடமெல்லாம் எனக்கு இப்போது எல்சாஸ்தான் நினைவுக்கு வருகிறது.