பவளம் வளர்த்த கைகள்



அண்மையில் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடைபெற்றது. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தபோது ஒரு மாணவனின் தந்தை என்னருகே வந்தார். "ஐயா, அறிவியல் அறையில ஒரு பவளத் தொட்டி வெச்சா பிள்ளைங்க எவ்வளவு ஆசையா பார்ப்பாங்க! செலவ நான் ஏத்துக்கிறேன்" என்றார். நல்ல மனிதர், தம் உழைப்பில் வந்த பணத்தைப் பள்ளிக்குத் தர முன்வந்தவர். உடனே நன்றி கூறியிருக்க வேண்டும். ஆனால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் வீட்டில் இரண்டடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்திருந்தேன். அதில் இரண்டு பவளங்கள் இருந்தன. நானும் மனைவியும் வேலைக்கும், மகள் பள்ளிக்கும் சென்றுவிட்டால் பூட்டிய வீடு நண்பகலில் அடுப்பாகிவிடும். ஒரு வறண்ட மாதத்தில் பவளத்தின் பழுப்பு நிறம் மங்கி, சில நாள்களில் தூய வெண்மையாயிற்று. "அப்பா, வெள்ளையா ரொம்ப அழகா இருக்கு" என்றாள் மகள். நானும் அவ்வாறே எண்ணினேன். அதனினும் பெரிய பிழை, அதனைப் படமெடுத்து வகுப்பில் காட்டி, "பாருங்கள், எவ்வளவு அழகு!" என்று வியந்ததுதான். இரண்டு வாரத்தில் அந்த வெண்மையின்மீது பச்சைப் பாசி படர்ந்தது. உயிர் போய்விட்டது. ஓர் உயிரின் மரணத்தை அழகு என்று முப்பது குழந்தைகளுக்குக் கற்பித்துவிட்டேன்.

அந்தக் குற்றவுணர்வுதான் பவளம் வளர்ப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கல்லா, செடியா, உயிரா?

நவமணிகளுள் ஒன்றாக நாம் அணியும் செம்பவளம் வேறு. கடலடியில் பாறைத் திட்டுகளை எழுப்பும் பவளம் வேறு. பின்னதை ஈழத் தமிழர் முருகைக்கல் என்பர். பெயரிலேயே 'கல்' இருக்கிறது. நெடுங்காலம் மேலைநாட்டு அறிஞர்களும் அது கல்லா, செடியா என்று தடுமாறினர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்சில்யி என்பார் பவளத்தின் நுனிகளில் விரியும் சிறு வடிவங்களைக் கண்டு, அவற்றைப் பூக்கள் என்றே அறிவித்தார். 1720களில் மார்சேய் நகரத்து மருத்துவரான பெய்சோனல் வட ஆப்பிரிக்கக் கரையில் உயிருள்ள பவளத்தைக் கடல்நீரிலேயே வைத்துக் கவனித்தார். அந்தப் 'பூ' தொட்டால் சுருங்கியது. அது பூவன்று, சிறு விலங்கு என்றார் அவர். பாரிஸ் அறிஞர் உலகம் அதனை ஏற்கவில்லை. ஏற்பதற்குப் பல ஆண்டுகளாயிற்று.

பவளம் விலங்கு என்றால் அதற்கு மூச்சுக்காற்று வேண்டும், உணவு வேண்டும், அது கழிவை வெளியேற்றும். இந்த எளிய உண்மையை உணராமல் எவராலும் அதனை வளர்க்க இயலாது.

ஊசியும் நூலும் ஒரு சன்னலும்

1846-ஆம் ஆண்டு இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் துணைத் தலைமைக் குருவின் மனைவி ஆனா தைன் அம்மையார் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டார்க்கீ என்னும் ஊருக்குச் சென்றிருந்தார். பாறைக் கற்களில் ஆர்வமுடையவர். அங்கே குளிர்கடலில் வாழும் சிறு கிண்ணம் போன்ற பவளங்களைக் கண்டார். அவற்றை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலண்டனுக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். வழியில் ஒன்றோடொன்று மோதி நொறுங்காமல் இருக்க, அவற்றை ஊசி நூல் கொண்டு ஒரு கடற்பஞ்சில் தைத்து, கடல்நீர் நிரம்பிய சாடியில் வைத்தாராம்!

இலண்டனில் கடல் இல்லை. புதிய கடல்நீரை எப்போதும் வரவழைக்க இயலாது. தேங்கிய நீரில் உயிர்வளி குறையும். அம்மையார் ஒரு வழி கண்டார். திறந்த சன்னலின் முன்னே நின்று, அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நம்மூர் உணவகங்களில் தேநீர் ஆற்றுவதைப் போல! ஒவ்வொரு நாளும் அரைமணி, முக்கால்மணி நேரம். இதனைச் செய்தவர் அவ்வீட்டுப் பணிப்பெண். பின்னர் 1847-இல் கடற்பாசிச் செடிகளையும் தொட்டியில் சேர்த்தார். அவை உயிர்வளி தந்தன. பவளங்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாழ்ந்தன, பெருகவும் செய்தன. அம்மையாரின் குறிப்புகள் 1859-இல் ஓர் அறிவியல் இதழில் வெளிவந்தன. நிலைத்து நின்ற முதல் கடல்நீர்த் தொட்டி இதுவே எனப் பலரும் கருதுகின்றனர்.

அம்மையாரின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. அப்பணிப்பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. இன்று மின்விசைக் குழாய் செய்யும் வேலையைத் தம் கைகளால் செய்தவர் அவர். இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

ஆசை அலையானபோது

அதே காலத்தில் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் தொட்டியில் பொன்மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒன்றாக வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் தேவையாக அமைவதை 1850-இல் விளக்கினார். 1853-இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் உலகின் முதல் பொது நீர்வாழ் உயிரினக் காட்சியகம் திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் இந்த வழக்கத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் வகுத்தார். கடற்கரைக்கு வந்தோரெல்லாம் வாளியும் உளியுமாகப் பாறைக் குழிகளைத் தேடினர்.

விளைவு என்ன? கோஸின் மகன் எட்மண்ட் கோஸ் 1907-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில், தந்தையோடு சிறுவயதில் கண்ட அந்த எழில்மிகு பாறைக் குழிகள் பின்னாளில் வெறுமையாகிவிட்டன என்று வருந்துகிறார். தம் தந்தையின் நூல்களே கூட்டத்தை அங்கே அழைத்து வந்தன என்பதையும் அவர் மறைக்கவில்லை. இயற்கையை நேசிக்கக் கற்பித்தவரே அதன் அழிவுக்கும் வழிகாட்டிவிட்டார். ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

உள்ளே வாழும் விருந்தாளி

ஆனா அம்மையாரின் பவளம் குளிர்கடலினது. நம் வெப்பக்கடல் பவளம் வேறு தன்மையது. அதன் சதைக்குள் மிக நுண்ணிய பாசி குடியிருக்கிறது. 1881-இல் செருமானியரான கார்ல் பிராண்ட் அதற்குப் பெயரிட்டார். 1928–29இல் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற யங் குழுவினர், பவளம் இருளிலும் மிகு வெப்பத்திலும் அப்பாசியை இழப்பதை ஆராய்ந்தனர். 1944-இல் ஜப்பானியரான கவாகுட்டி அப்பாசி எவ்வினத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டினார்.

பாசி பகலொளியில் உணவு சமைக்கிறது. அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரனாகிய பவளத்துக்குத் தருகிறது. பவளம் தன் கழிவைப் பாசிக்கு உரமாகத் தருகிறது. பவளத்தின் பழுப்பு நிறம் இப்பாசியினுடையது. வெப்பம் மிகும்போது இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேறிவிட, ஒளிபுகும் சதைக்குக் கீழுள்ள சுண்ணாம்பு எலும்பு வெண்மையாகத் தெரிகிறது. நானும் என் மகளும் வியந்தது அந்த எலும்பைத்தான். அந்த நிலையிலும் பவளம் உடனே இறப்பதில்லை; பட்டினி கிடக்கிறது. நீரைக் குளிர்வித்திருந்தால் ஒருவேளை மீண்டிருக்கும்.

நம் பக்கத்து நாட்டு மனிதர்

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடல்நீர்த் தொட்டி என்றால் அதில் இறந்த பவளத்தின் வெள்ளை எலும்புகளே அலங்காரம். மீன்களின் நோய்க்குச் செப்பு மருந்து இடுவர். செப்பு பவளத்துக்கு நஞ்சு. இந்த நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் இந்தோனேசியாவின் ஜாகர்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் அவர் தம் முறையை எழுதினார். கடலிலிருந்து நுண்ணுயிர்கள் நிறைந்த பாறைத் துண்டுகளை எடுத்துத் தொட்டியில் வைத்தார். கடல்நீர், சூரிய ஒளி, மெல்லிய காற்றுக் குமிழ்கள். அவ்வளவுதான். பாறையிலுள்ள நுண்ணுயிர்களே கழிவைத் தூய்மை செய்தன. அவர் தொட்டியில் பவளங்கள் உயிரோடிருந்தன. இன்று 'உயிர்ப்பாறை' என்று உலகெங்கும் வழங்குவதன் முன்னோடி நம் பக்கத்து நாட்டினர் என்பது நம் மாணவர் அறிய வேண்டிய செய்தியன்றோ!

பின்னர் பெர்லின் நகர வளர்ப்பாளர்கள் உயிர்ப்பாறையோடு மூன்றைச் சேர்த்தனர். வலிமையான விளக்கு ஒன்று. வெல்லப் பாகு காய்ச்சும்போது மேலே திரளும் அழுக்கு நுரையை அகற்றுவதுபோல் கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி மற்றொன்று. மூன்றாவது, சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு இது புதிதன்று. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கரையிலும் பவளத்தை வெட்டிச் சுட்டுச் சுண்ணாம்பு செய்தனர். பெர்லின்காரர்களோ சுண்ணாம்பைக் கொடுத்துப் பவளம் வளர்த்தனர்! வளர்ந்த கிளையை வெட்டி நண்பருக்குக் கொடுத்தால் அது புதுப்பவளமாக வளரும் என்பதையும் கண்டனர். கடலைத் தொடாமலே பவளம் கைமாறத் தொடங்கியது.

இன்று தொட்டி வைப்போர் அறிய வேண்டியன

வரலாறு கற்றுத் தந்தவை இன்று எண்களாக நிற்கின்றன.

வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸ். நம் நாட்டில் பூட்டிய வீட்டின் நீர் எளிதில் 30-ஐத் தாண்டும். குளிர்விக்கும் கருவியின்றிப் பவளம் வளர்ப்பது கடினம்.

உப்பு, ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். நீர் ஆவியானால் உப்பு ஆவியாகாது; ஆகவே குறைந்த அளவுக்கு நாள்தோறும் நன்னீரே ஊற்ற வேண்டும், உப்பு நீரன்று. குழாய் நீரை அப்படியே ஊற்றக்கூடாது. வடிகட்டித் தூய்மையாக்கிய நீரே வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து, லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். காரத்தன்மை 8 முதல் 11 அலகு. இரண்டும் எலும்பு வளர்ச்சிக்கு வேண்டும். இவ்வெண்களைவிட முக்கியம், அவை நாளுக்கு நாள் மாறாதிருத்தல்.

புதுத் தொட்டியில் உடனே பவளம் வைக்கலாகாது. நுண்ணுயிர்கள் பெருகி நீர் நிலைபெறச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். நிறம் மங்கினால் அழகு என்று எண்ணாமல் வெப்பமானியைப் பாருங்கள்.

இனி அந்தத் தந்தைக்கு நான் கூறிய விடை. மறுவாரம் அவரைப் பள்ளி வாயிலில் சந்தித்தேன். என் வீட்டுப் பவளத்தின் கதையை மறைக்காமல் சொன்னேன். பிறகு, "பள்ளி விடுமுறையில் நாள்தோறும் இத்தொட்டியைப் பார்ப்பவர் யார்? மின்சாரம் நின்றால் ஓடிவருபவர் யார்?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அத நான் யோசிக்கல, ஐயா" என்றார். அவர்மீது பிழையில்லை. நானும் ஒருநாள் யோசிக்கவில்லை.

இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். முதலில் வாரிங்டனைப் போல் ஒரு நன்னீர்த் தொட்டி. மீன், நீர்ச்செடி, நத்தை. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முறைவைத்து ஓராண்டு பார்த்துக்கொள்வர். விடுமுறை நாள்களுக்குப் பெற்றோர் பெயர்ப்பட்டியல். அந்த ஓராண்டில் ஒரு நாளும் தவறாமல் குறிப்பேடு எழுதப்பட்டால், மறு ஆண்டு ஒரே ஒரு பவளத் துண்டு. அதுவும் கடலில் வெட்டாமல், பண்ணையில் வளர்த்தது.

கடலிலும் இன்று பவளம் வெளுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2010-இல் வெப்பம் தாக்கியபோது நம் நாட்டில் தியோமான், ரெடாங் தீவுகளையொட்டிய சில முக்குளிப்புத் தளங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. 2024 ஏப்ரலில் உலகளவிலான நான்காவது பெரும் வெளுப்பு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சிங்கப்பூர், 1,00,000 பவளங்களை நடும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கும் துண்டு துண்டாகப் பவளத்தை வளர்த்து நடுவது மனிதக் கைகளே.

அன்று நான் தவறாகக் கற்பித்த மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டனர். அவர்களுள் சிலரையாவது தேடிச் சென்று, "அன்று நான் காட்டிய படம் அழகின் படமன்று" என்று சொல்ல வேண்டும். இவ்வாண்டு வகுப்பில் அப்படத்தை மீண்டும் காட்டினேன். இம்முறை உண்மையைச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்த ஒரு மாணவி கை உயர்த்தி, "ஐயா, அந்தப் பணிப்பெண் பேரு என்ன?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். நன்னீர்த் தொட்டியின் குறிப்பேட்டில் நாள்தோறும் பணி செய்தவரின் முழுப்பெயரையும் எழுத வேண்டும் என்று அவளே விதி வகுத்தாள். அவ்விதி இன்று நடைமுறையில் உள்ளது.

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ இத்தகைய தொட்டி இருப்பின், உங்கள் பட்டறிவை எனக்கு எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.