அறுபத்து நான்கு வாக்குகள்

சதுரங்கப் பலகையில் கட்டங்கள் 64. 2021 சனவரியில் அனைத்திந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் பதவிக்குப் போட்டி மூண்டபோது பதிவான வாக்குகளும் 64! 33 பெற்றவர் வென்றார். 31 பெற்றவர் தோற்றார். நாடெங்கும் பெயர் பதிந்து ஆடுவோர் பல்லாயிரவர். அவர்தம் தலைவரைத் தேர்ந்தெடுத்தோரோ அறுபத்து நால்வர்! பொருத்தம் பலகைக்கு உண்டு. நீதிக்கு உண்டா, தோழர்களே?

ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டிலே ஓர் இளைஞன் ஆட்டம் கற்கிறான் என்று கொள்வோம். அவனுக்கு மேலே மாவட்டக் கழகம்; அதற்கு மேலே மாநிலக் கழகம்; மாநிலத்துக்கு இருவர் எனக் கூடும் அனைத்திந்திய அவை; அதற்கும் மேலே, 1924-இல் பாரிசில் பிறந்த உலகக் கூட்டமைப்பு. 2022 ஆகஸ்டு 7-ஆம் நாள் சென்னையிலேயே உலகத் தலைவர் தேர்தல் நடந்தது. 157-க்கு 16 என்று முடிவு வந்தது. அங்கும் நாட்டுக்கு ஒரு வாக்கு. ஆடுவோருக்கு, ஆடுவோர் என்ற உரிமையால், வாக்கு இல்லை. ஏணியின் ஒவ்வொரு படியிலும் அவன் பெயரால் எவரோ பேசுகிறார். அவன் பேசுவது எப்போது?

“ஆடுபவனுக்கு ஆட்சி நுட்பம் தெரியுமா?” என்று கேட்கின்றனர் சிலர். புதிய கேள்வியா இது? 1892-ஆம் ஆண்டுச் சட்டம், நகராட்சிகளும் நிலக்கிழார்களும் பரிந்துரைத்தோரையே சட்டமன்றத்துக்கு அழைத்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் நேரடித் தேர்தல் தந்தது. ஆனால் சொத்துள்ளவனுக்கே வாக்கு என்றது. சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு 1921-இல்தான் கதவு திறந்தது. உழுபவனும் நெய்பவனும் உரிமையோடு வாக்குச்சாவடி சென்றது 1951–52 பொதுத்தேர்தலில். அன்றும் அறிவுடையோர் எனப்பட்டோர் அஞ்சினர்! நம்மவர் பெருமையோடு காட்டும் உத்திரமேரூர்க் குடவோலையிலும், நிலமும் மனையும் வேதப்பயிற்சியும் உடையோர் பெயரே குடத்தில் விழுந்தது. குலுக்கியது சிறுவன் கையாயினும், ஓலையில் எழுதத்தகும் பெயர் எவை என்பது முன்னரே முடிவானது.

அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பில் ஆட்சிக்குழுவை உறுப்பினரே நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர். அங்கே சச்சரவே இல்லையா? உண்டு, 2007 தேர்தலுக்குப் பின் வழக்குமன்றம் வரை போனது. ஆயினும் இங்கே மட்டும் அமைதியா? மறைமுகத் தேர்தலால் வந்த செயலாளரின் பதவி 2022-இல் டில்லி உயர்நீதிமன்றத்தில் சிக்கிற்று. வழக்கு இரு முறையிலும் உண்டு. உறுப்பினனுக்கு வாக்கு ஒன்றில்தான் உண்டு. அறுபத்து நால்வரை வீடு தேடிச் சென்று வளைத்தல் எளிது. அறுபதினாயிரவரை வளைத்தல் அரிது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பெரிய மாநிலம் சிறிய மாநிலத்தை விழுங்கும் என்பது. உண்மை. தமிழ்நாடு போன்ற ஆட்டக்காரர் மிகுந்த மாநிலமே அப்போது ஓங்கும். எனவே தலைவரை உறுப்பினர் அனைவரும் தேர்ந்தெடுக்கட்டும். பேரவையில் மாநிலங்களுக்குச் சம இடம் இருக்கட்டும்.

கேளாமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிப்பட்டு அறியும். 1953 அக்டோபரில் சித்தூர் மாவட்டத்தோடு அவ்வூரும் திருத்தணியும் ஆந்திரத்தில் சேர்ந்தன. கிளர்ச்சி, சிறை, பேச்சு, படாஸ்கர் தீர்ப்பு எனப் பல கடந்து, 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் அவை சென்னை மாநிலத்திற்கு மீண்டன. ஆறரை ஆண்டுகள்!

2025-இல் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை இயற்றியது. சிறந்த வீரர் சிலருக்கு ஆட்சிக்குழுவில் இடம் கிடைத்தது, வரவேற்கத்தக்கதே. பள்ளிப்பட்டு இளைஞனுக்கு வாக்குச்சீட்டு இன்னும் வரவில்லை.