மூடிய வகுப்பு மீண்டும் திறந்த கதை

"மலருக்கு ஏதாவது எழுதுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். நம் கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். இப்போது இருப்பது நியூ ஜெர்சி. என் மகள் பள்ளியில் இத்தாலிய மொழி படித்தபோது நான் தெரிந்துகொண்ட வரலாற்றையே எழுதுகிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் 'ஏ.பி.' என்று ஒன்று உண்டு. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் பாடம். மே மாதம் தேர்வு. 1 முதல் 5 வரை மதிப்பெண். அதில் இத்தாலிய மொழி இடம் பிடித்தது லேசில் இல்லை.

நியூயார்க்கில் லியோனார்ட் கொவெல்லோ என்ற ஆசிரியர் இருந்தார். சிறு வயதில் இத்தாலியிலிருந்து குடியேறியவர். அவரைப் போன்றவர்கள் போராடியதால் 1922ல் நகரப் பள்ளிகளில் இத்தாலிய மொழிக்கு மற்ற அயல்மொழிகளோடு சம அந்தஸ்து கிடைத்தது. பிறகு வந்தது இரண்டாம் உலகப் போர். குடியுரிமை பெறாத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் 1942 அக்டோபர் வரை 'பகை நாட்டவர்' என்றே கருதப்பட்டார்கள். 'எதிரியின் மொழியைப் பேசாதே' என்று சுவரொட்டி வேறு! பயந்துபோய்ப் பல வீடுகளில் பேச்சே நின்றுவிட்டது. பேரப்பிள்ளைகளுக்குப் பாஸ்தா மிஞ்சியது, பாஷை மிஞ்சவில்லை.

அதை மீட்கத்தான் முன்னாள் ஆளுநரின் மனைவி மடில்டா குவோமோ போன்றவர்கள் முயன்றார்கள். 2006 மே மாதம் முதல் ஏ.பி. இத்தாலியத் தேர்வு நடந்தது. ஆனால் எழுதியவர்கள் ஆண்டுக்கு 2,000 பேர்கூட இல்லை. பணமும் போதவில்லை. 2009 தேர்வோடு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. சமூக அமைப்புகளும் இத்தாலிய அரசும் நிதி தந்தன. 2011ல் பாடம் திரும்பியது. 2012 மே மாதம் மறுபடி தேர்வு.

அந்தத் தேர்வில் ஒரு கேள்வி: இத்தாலியப் பண்பாட்டையும் தன் சமூகத்தையும் ஒப்பிட்டு இரண்டு நிமிடம் இத்தாலிய மொழியில் பேச வேண்டும். அதற்குத் தயார் செய்யும்போது மகள் கேட்டாள்: "அப்பா, பொங்கல்னா என்னன்னு சொல்லுங்க. நமக்கு ஏ.பி. தமிழ் இருக்கா?"

இல்லை என்றேன். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இங்கே வந்து தமிழ் கற்று, 'சதுரகராதி' தொகுத்ததைச் சொன்னேன். "அவரே கத்துக்கிட்டாரு, எனக்கு ஏன் நீங்க சொல்லித்தரல?" என்றாள். பதில் வரவில்லை.

மாணவச் செல்வங்களே, ஒரு மொழி வகுப்பு எதிரியால் மட்டும் மூடப்படுவதில்லை. காலி பெஞ்சுகளாலும் மூடப்படும். பெஞ்சு நிறைந்தால் திறக்கும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்போது ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு. மாணவி ஒருத்திதான். ஆனாலும் வகுப்பு நடக்கிறது.