பணியில் இருப்போரும் மேலாண்மைப் பட்டமும்

வணிக மேலாண்மை முதுகலைப் பட்டம் (எம்.பி.ஏ.) 1908இல் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதிகாரிகள் வேலையை விடாமலேயே இதைப் படிக்கும் வாய்ப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1943இல் ஏற்படுத்தியது. இந்தியாவில் கல்கத்தா, அகமதாபாத் ஆகிய நகரங்களில் 1961இல் இந்திய மேலாண்மைக் கழகங்கள் (ஐ.ஐ.எம்.) தோன்றின.

தொழிற்சாலையிலிருந்து வகுப்பறைக்கு

இக்கல்வியால் ஒருவரின் பணி வாழ்க்கை எவ்வாறு மாறும் என்பதற்குக் கோயம்புத்தூரில் 1941இல் பிறந்த சி.கே.பிரகலாத் நல்ல எடுத்துக்காட்டு. சென்னை இலயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்ததும், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பேட்டரி தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்த அனுபவத்தைத் தம் வாழ்வின் திருப்புமுனை என்று பின்னாளில் குறிப்பிட்டார். அதன் பிறகே அகமதாபாத் கழகத்தில் முதல் அணி மாணவராகச் சேர்ந்து 1966இல் முதுநிலைப் பட்டயம் பெற்றார். 1975இல் ஆர்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1990இல் கேரி ஆமெலுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை பெரிய நிறுவனத்தை ஒரு மரத்துக்கு ஒப்பிட்டது. விற்பனைக்கு வரும் பொருள்கள் இலையும் பூவும் கனியும். கண்ணுக்குத் தெரியாத வேர்தான் அடிப்படைத் திறன். தொழிற்சாலையை உள்ளிருந்து பார்க்காத ஒருவருக்கு இந்த உவமை எளிதில் தோன்றியிருக்காது என்பது என் கருத்து.

தமிழ்நாட்டு வாய்ப்புகள்

வேலையை விட்டு அகமதாபாத் செல்ல எல்லோராலும் முடியுமா? சென்னையில் இருந்தவர்களுக்கு 1979இல் தொடங்கிய இலயோலா வணிக நிர்வாகக் கழகம் (லிபா) கைகொடுத்தது. ஆலங்காயத்தைத் தாண்டி, ஜவ்வாது மலையில் காவலூர் போன்ற ஊர்களில் இருப்பவர் மாலை வகுப்புக்கு எங்கே போவது? அவர்களுக்கு அஞ்சல் வழிக் கல்விதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இதற்கென நிறுவனங்கள் தொடங்கின. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 2004இல் சென்னையில் பாலா பாலச்சந்திரன் நிறுவிய கிரேட் லேக்ஸ் நிறுவனம், பணி அனுபவம் உள்ளோருக்கு ஓராண்டுப் படிப்பை அளித்தது.

திறன் வளர்ந்ததா?

எம்.பி.ஏ. பட்டமோ அதில் பெற்ற மதிப்பெண்ணோ பணி வெற்றியோடு பெரிதும் தொடர்புடையதாகத் தெரியவில்லை என்று ஜெஃப்ரி ஃபெஃபர், கிறிஸ்டினா ஃபாங் ஆகியோர் 2002இல் எழுதினர். மேலாண்மை என்பது செய்து பழகும் தொழில், அனுபவமற்ற இளைஞருக்கு அதை வகுப்பறையில் புகட்ட முடியாது என்று ஹென்றி மின்ட்ஸ்பர்க் 2004இல் வாதிட்டார். ஏற்கெனவே மேலாளராக இருப்பவர் தம் சொந்தச் சிக்கல்களோடு வகுப்புக்கு வரவேண்டும் என்பது அவர் கட்சி. அப்படிப் பார்த்தால் வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாடத்தை மறுநாளே உரசிப் பார்க்கலாம். ஆனால் அஞ்சலில் வரும் புத்தகத்தைத் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் புரட்டினால் அந்த வசதி வீண்.

பட்டத்துக்கும் திறனுக்கும் உள்ள இடைவெளியை ஆசிரியர்களாகிய நாங்களும் அறிவோம். எங்கள் காலத்தில் உயர்கல்வி முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு உண்டு. நானும் அஞ்சல் வழியில் படித்து அதைப் பெற்றேன். என் பாடம் நடத்தும் முறை மாறியதா என்று எவரும் கேட்கவில்லை.