பிறக்கும்போதே குற்றவாளியா? ஒரு சட்டம் போயும் அதன் பயம் ஏன் போகல?

2018 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ரைன்பாடா என்ற கிராமத்தில் வாரச் சந்தை நடந்துகொண்டிருந்தது. அந்த ஊருக்கு வந்திருந்த 5 ஆண்களை ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் காரணம். கொல்லப்பட்டவர்கள் நாத்பந்தி டவரி கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஊர் ஊராகப் போய் யாசகம் கேட்டுப் பிழைப்பது அவர்களின் பரம்பரை வழக்கம்.

வதந்தி அன்றைக்குப் புதுசு. ஆனா ‘ஊர் ஊரா சுத்துறவன் திருடனாத்தான் இருப்பான்’ என்ற எண்ணத்துக்கு வயசு ரொம்ப அதிகம். ஒரு காலத்தில் அது இந்தியாவின் சட்டமாகவே இருந்தது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதைப் பயமும் அதிகாரமும் சேர்ந்து எப்படித் தீர்மானிக்கின்றன என்று புரிந்துகொள்ள அந்தச் சட்டத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அது என்ன சட்டம்?

1871 அக்டோபரில் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம். தமிழில் ‘குற்றப்பரம்பரைச் சட்டம்’ என்ற பெயரில்தான் பலருக்கும் தெரியும். முதலில் வட இந்தியாவில் பஞ்சாப், அவத் உள்ளிட்ட பகுதிகளில் அமலானது. 1911-ல் திருத்தப்பட்டபோது மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது.

இதன்படி ஒரு சமூகத்தையே குற்றச் சமூகம் என்று அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு சரியா, தப்பா என்று நீதிமன்றம் கேட்க முடியாது. அறிவிப்பு வந்துவிட்டால் பதிவேட்டில் பெயர் ஏறும், கைரேகை எடுக்கப்படும். குறித்த நேரத்தில் போலீஸிடம் ஆஜராகணும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேணும். நீங்க தனிப்பட்ட முறையில் எதையாவது திருடினீங்களா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எந்த வீட்டில் பிறந்தீங்க என்பதுதான் கேள்வி. பிற்காலத் திருத்தங்கள் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்தையும் அரசுக்குக் கொடுத்தன.

ஆள்பவர்களுக்கு எதற்குப் பயம்?

1857 கிளர்ச்சி முடிந்து 14 ஆண்டுகளில் வந்த சட்டம் இது. ஒரே இடத்தில் வீடு, நிலம் என்று இருப்பவரிடம் வரி வாங்கலாம், கணக்கெடுக்கலாம், தேவைப்பட்டால் பிடிக்கலாம். இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர் என்று போய்க்கொண்டே இருப்பவரை என்ன செய்வது? அவர் செய்தி கொண்டு போகிறாரா, ஆயுதம் கொண்டு போகிறாரா என்பது தெரியாது. ஆட்சிக்கு அந்தத் தெரியாமைதான் பயம்.

இதோடு பொருளாதாரமும் சேர்ந்தது. பஞ்சாராக்களும் கொரவர்களும் காளைகளிலும் கழுதைகளிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர்களுக்கிடையே வியாபாரம் செய்தவர்கள். ரயில் வந்தது, உப்பு அரசின் கட்டுப்பாட்டுக்குள் போனது, காட்டுக்குள் நுழைய வனச் சட்டங்கள் தடை போட்டன. பிழைப்பு போயிற்று, ஆனா ஊர் சுற்றுவது நிற்கவில்லை. நேற்று வரை வியாபாரி என்று பார்க்கப்பட்டவர் இன்று ‘வேலையில்லாமல் திரிபவர்’ ஆனார். அவர் மாறவில்லை, அவரைச் சுற்றியிருந்த விதிகள்தான் மாறின.

மதுரைப் பக்கம் நடந்ததும் இதே கதைதான். கிராமங்களைக் காவல் காத்து, அதற்குக் கூலி வாங்குவது அங்கே பழைய ஏற்பாடு. பிரிட்டிஷ் போலீஸ் வந்தபிறகு அதே காவல் கூலி, மிரட்டிப் பறிக்கும் பணமாகப் பார்க்கப்பட்டது. கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

‘கெட்டவர்’ என்ற முத்திரையால் யாருக்கு லாபம்?

பதிவு செய்யப்பட்டவர்களை ‘திருத்துவதற்காக’ வேலி போட்ட குடியிருப்புகள் உருவாயின. சோலாப்பூரில் இருந்தவர்கள் பஞ்சாலைகளில் வேலை செய்தார்கள். இன்றைய ஆந்திராவின் பாபட்லா அருகே, சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரத்தில் இருந்த எருகுலா மக்கள் சிராலா புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். வேலையை விட்டு ஓட முடியாத தொழிலாளிகள் ஆலைகளுக்குக் கிடைத்தார்கள். கஷ்டப்பட்டு உழைப்பதுதான் ஒழுக்கம் என்ற பாடமும் அவர்களுக்கே நடத்தப்பட்டது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1871 சட்டத்தின் இரண்டாம் பகுதி திருநங்கைகளைக் குறிவைத்தது. குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் அவர்களைப் பதிவு செய்யவும், பொது இடத்தில் பெண் உடை அணிந்தால் தண்டிக்கவும் அது வழி செய்தது. இதே போக்கில் ஹைதராபாத் சமஸ்தானத்தில் வந்த ஒரு சட்டத்தை 2023-ல்தான் தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2018-ல் ரைன்பாடாவில் கிளம்பிய வதந்தியும் ‘பிள்ளை பிடிக்கிறவங்க’ என்பதுதான். ஆள் மாறினாலும் குற்றச்சாட்டு அதேதான்.

அப்போ யாருமே திருடலையா?

நியாயமான கேள்வி. வழிப்பறியும் கொள்ளையும் நடந்தது உண்மை. அந்தச் சமூகங்களைச் சேர்ந்த சிலர் அதில் இருந்ததும் உண்மை. பொருளைப் பறிகொடுத்தவரின் பயத்தைப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஆனா குற்றத்துக்கு ஆளைத் தேடாமல் சமூகத்தைத் தேடினால் என்ன ஆகும்?

டேட்டா துறையில் இருப்பவர்களுக்கு ‘ஃபீட்பேக் லூப்’ தெரிந்திருக்கும். ஒரு தெருவில் மட்டும் போலீஸை நிறுத்தினால் அந்தத் தெருவில்தான் அதிகக் கைதுகள் நடக்கும். அந்தக் கைதுக் கணக்கைக் காட்டி ‘பாருங்க, இந்தத் தெரு மோசம்’ என்று இன்னும் அதிக போலீஸை நிறுத்தலாம். அனுமதி இல்லாமல் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனாலே குற்றம் என்று வைத்துவிட்டால், அந்தச் சமூகத்தின் குற்றக் கணக்கு ஏறத்தானே செய்யும்? இப்படி முத்திரை குத்தியவர்களே அதற்கான ஆதாரத்தையும் உருவாக்கிவிடுகிறார்கள்.

அதிகாரம் இல்லாதவருக்கும் பயம் உண்டு. போலீஸ் எப்போது வந்து கூட்டிப் போகுமோ என்று அந்தக் குடும்பங்களும் ஒவ்வொரு ராத்திரியும் பயந்தன. அந்தப் பயம் சட்டமாகவில்லை. எந்தத் தரப்பின் பயம் சட்டப் புத்தகத்தில் ஏறுகிறது என்பதைப் பார்த்தாலே அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு?

மெட்ராஸ் மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31 அன்றும் சட்டம் ரத்தானது. அந்த மக்கள் இன்றும் ஆகஸ்ட் 31-ஐத் தங்கள் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்குச் சீர்மரபினர் என்று பெயர். நாடோடி, அரை நாடோடிச் சமூகங்களையும் சேர்த்து, 2001 மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில் நாடு முழுக்க சுமார் 10.74 கோடிப் பேர் இருப்பார்கள் என்று ரெங்கே ஆணையம் மதிப்பிட்டது.

ஆனா ரத்தான சட்டத்தின் இடத்துக்கு ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டங்கள் வந்தன. மெட்ராஸில் 1948-லேயே வந்துவிட்டது. புதிய சட்டங்கள் சாதியைச் சொல்லவில்லை, தனிநபரைத்தான் சொல்கின்றன. நடைமுறையில் ஸ்டேஷன் பதிவேட்டில் பழைய பெயர்களே தொடர்கின்றன என்பது இந்தச் சமூகங்களின் நீண்டகாலப் புகார்.

1998 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் கேரியா சபர் சமூகத்தைச் சேர்ந்த புதன் சபர் போலீஸ் காவலில் இறந்தார். எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி முன்னின்று நடத்திய சட்டப் போராட்டத்தில், இழப்பீடு தர கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு காலத்தில் இப்படிப்பட்ட குடியிருப்பாக இருந்த அகமதாபாத்தின் சாராநகரில், இளைஞர்கள் அவர் பெயரிலேயே ‘புதன் தியேட்டர்’ தொடங்கி இன்றுவரை நாடகம் போடுகிறார்கள்.

இப்போது நீதிமன்றம் என்ன சொல்கிறது?

2024-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு முறை இதைத் தொட்டது. மே 7 தீர்ப்பில், பின்தங்கிய சமூகத்தினரின் பெயர்களைச் சாதி அடிப்படையில் இயந்திரத்தனமாக போலீஸின் ஹிஸ்டரி ஷீட்டில் ஏற்றும் போக்கைச் சுட்டிக்காட்டி, விதிகளை மறுபரிசீலனை செய்யுமாறு மாநிலங்களிடம் சொன்னது. அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறையில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை ரத்து செய்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறைக் கையேட்டு வரிகளும் செல்லாது என்றது. 1871-ல் தொடங்கிய பார்வை 2024 வரை சிறைக் கையேட்டில் அச்சில் இருந்தது என்பதை இந்தத் தீர்ப்பு காட்டியது.

இதில் நமக்கென்ன?

நம்மில் நிறையப் பேர் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோம். ‘கேட் பக்கத்துல சந்தேகப்படும்படி ரெண்டு பேர்’ என்று ஒரு போட்டோ வரும். அதை ஃபார்வர்ட் செய்யும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கலாம். அவங்க என்ன செஞ்சாங்க? அதை யாராவது பார்த்தாங்களா? இல்லை, அவங்க உடையும் நிறமும் பேச்சும்தான் சந்தேகமா? முதல் இரண்டுக்கும் பதில் இல்லைன்னா அந்த போட்டோவை அனுப்ப வேண்டாம். ரைன்பாடாவுக்கு வந்த அந்த 5 பேரைப் பற்றி இந்தக் கேள்விகளை யாரும் கேட்கவில்லை.